சிக்லிட் மீனில் ஆண் எது, பெண் எது: முட்டை பொரிக்கும் வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

போன மாரியில் மட்டக்களப்புக் கல்லடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணன், நாலு தரம் முட்டை போட்டுட்டு, ஒண்டும் பொரிக்குதில்ல, தண்ணியில என்ன பிழை?" என்று கேட்டார். இரண்டு ஏஞ்சல் மீன், நடுவில் ஓட்டுத் துண்டு, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக முட்டை. தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. முட்டையை எந்த மீன் போடுகிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும்தான் மாறி மாறிப் போடுது" என்றார். விசயம் அவ்வளவுதான். இரண்டும் பெண்.

ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ் எல்லாம் சிக்லிட் என்ற ஒரே மீன் குடும்பம். புதிதாக சிக்லிட் வளர்க்கிறவர்களில் பாதிப்பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். கடையில் நின்றபடியே பெரியது ஆண், சின்னது பெண் என்று முடிவெடுத்துவிட்டு, அப்புறம் மாதக் கணக்காகத் தண்ணீரையும் மருந்தையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் பார்க்கும் வரிசை இது: இனம், வயது, வெளித்தோற்றம், நடத்தை, முட்டைக் குழாய். மீனைக் கையில் பிடித்துப் பார்ப்பது எதுவும் சரிவராதபோது மட்டும். முந்தின படியிலேயே விடை கிடைத்துவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம். மீனுக்கும் அதுதான் நல்லது.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு டோர்ச் லைட், நல்ல கமரா உள்ள போன், மென்மையான கைவலை, தொட்டியைக் குறுக்கே மறிக்க ஒரு தடுப்பு. தடுப்பு பிளாஸ்டிக் வலையாகவும் இருக்கலாம், துளை போட்ட அக்ரிலிக் தகடாகவும் இருக்கலாம். இதை முதலே வெட்டி வைத்துவிடுங்கள். சண்டை வந்த இரவில் தடுப்புத் தேடிக்கொண்டு திரிந்தால், விடியும்போது ஒரு மீன்தான் மிஞ்சும்.

முட்டை போட இடமும் வேண்டும். சாய்த்து வைத்த ஓடு, கவிழ்த்த பூச்சட்டி, தட்டையான கல் எதுவானாலும் சரி. இடம் இல்லாவிட்டால் மீன் சோடி சேர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் பாதி அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

தண்ணீர் பற்றி ஒரு சொல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் வைத்துக் காற்று ஓட விட்டு ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கத்து மணல் கிணறுகளில் பல இடங்களில் உப்பும் கடினமும் கூட. அது ஆப்பிரிக்காவின் மலாவி வாவி மீனுக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை, ஆனால் ஏஞ்சல், டிஸ்கஸ், ரேம் போன்றவை அதில் முட்டை போட்டாலும் பொரிப்பது குறைவு. இவற்றுக்கு மாரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலந்து விடலாம். கூரையைக் கழுவி வரும் முதல் இரண்டு மழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

1. என்ன இனம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஆண் பெண் பார்க்கப் பொது விதி ஒன்று இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் பிழை. நீளமான முதுகுச் செட்டை இருந்தால் ஆண் என்பார்கள். கொன்விக்டில் அது சரி. ஒஸ்காரில் அப்படிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அதில் ஆணும் பெண்ணும் அச்சடித்தது போல ஒன்றாகவே இருக்கும்.

வேலைக்கு உதவும்படி மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியில் பார்த்தாலே தெரிபவை: கொன்விக்ட், கிரிபென்சிஸ், ரேம், பீக்கொக். பார்த்தால் தெரியாதவை: ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ், நம்முடைய வாவியில் பிடிபடும் செல்வன் மீன். நடுவில் நின்று குழப்புபவை: பிளவர்ஹோர்ன், பரட், மலாவி வாவியின் பாறை மீன்களில் பல.

பரட் மீனை இனப்பெருக்கத்துக்கென்று வாங்க வேண்டாம். அது கலப்பு மீன், ஆண்களில் பெரும்பாலானவை மலடு. பெண் முட்டை போடும், இரண்டும் சேர்ந்து காவல் காக்கும், மூன்றாம் நாள் எல்லாம் வெள்ளையாகிவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். பிளவர்ஹோர்ன் ஆண்களிலும் மலடு நிறைய உண்டு.

2. வயது வந்துவிட்டதா?

ஒன்றரை அங்குலக் குஞ்சைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். கொன்விக்ட் இரண்டு அங்குலத்தைத் தாண்டினாலே முட்டைக்குத் தயாராகிவிடும். ஏஞ்சலுக்கு எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கலாம், ஒஸ்காருக்கு ஒரு வருடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருமனை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே தாய்க் குஞ்சுகளில் அடித்துத் தின்னும் பெண் ஒன்று, ஒதுங்கி நிற்கும் ஆணை விடப் பெரிதாக வளரும். அந்த இரண்டையும் பார்த்துத்தான் பெரியது ஆண் என்று வாங்கிப் போவார்கள்.

3. வெளியில் தெரியும் இனங்களில் எங்கே பார்ப்பது

கொன்விக்டில் வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணுக்குத்தான் அழகு. வயிற்றின் பக்கவாட்டில் செம்மஞ்சள் நிறச் செதில்கள் மினுங்கும். ஆண் பெரியது, சாம்பல் கலந்த நிறம், முதுகுச் செட்டையும் குதச் செட்டையும் பின்னால் கூராக நீண்டிருக்கும், வயதானால் நெற்றியும் கொஞ்சம் புடைக்கும். பழக விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். விலை குறைவு, பொறுமையும் அதிகம் தேவையில்லை.

கிரிபென்சிஸில் பெண் குட்டை, உருண்டை, வயிறு செர்ரிப் பழ நிறம். ஆண் நீளமாக ஓடியிருக்கும், வாலின் நடு கூர்ந்திருக்கும்.

ரேமில் பெண்ணின் வயிற்றில் இளஞ்சிவப்பு ஏறும். பக்கவாட்டில் இருக்கும் கறுப்புப் புள்ளியை டோர்ச் அடித்துப் பாருங்கள்: பெண்ணில் அந்தக் கறுப்புக்குள்ளேயே நீலப் பொட்டுகள் மினுங்கும், ஆணில் பெரும்பாலும் வெறும் கறுப்பு. ஆணின் முதுகுச் செட்டையில் முன் முட்கள் நீண்டு நிற்கும்.

பீக்கொக்கில் நிறம் ஏறியது ஆண், மங்கல் பழுப்பு பெண். ஆனால் ஹோர்மோன் தீவனம் கொடுத்து நிறம் ஏற்றிய மீன்களும் சந்தைக்கு வருவது உண்டு. இரண்டு அங்குலத்துக் குஞ்சுகள் ஒரு தொட்டி முழுக்க ஒன்றுபோலப் பளபளத்தால், அந்த நிறத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

பிளவர்ஹோர்னில் எல்லாரும் நெற்றிக் கட்டியைப் பார்க்கிறார்கள். ஆணுக்குப் பெரிதாக வருவது வழமைதான், ஆனாலும் கட்டி உள்ள பெண்ணும் இருக்கிறது, கட்டியே வராத ஆணும் இருக்கிறது. பெண்ணின் முதுகுச் செட்டையில் கறுப்புத் திட்டு இருப்பது அடிக்கடி காணும் அடையாளம், அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. சோடி இல்லாமலே பெண் தனியாக முட்டை போட்டு, ஒரு வருடமாக ஆண் என்று பெயர் வைத்து வளர்த்தவரைத் திகைக்க வைப்பது இந்த இனத்தில் சர்வசாதாரணம்.

மலாவி மீன்களின் குதச் செட்டையில் முட்டை போன்ற மஞ்சள் பொட்டுகள் இருக்கும். பொட்டு இருந்தால் ஆண் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பல இனங்களில் பெண்ணுக்கும் பொட்டு உண்டு. ஆணுக்குப் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும் என்பது உண்மை, ஆனால் ஒரு மீனைத் தனியாகப் பார்த்துச் சொல்ல அது போதாது.

4. தெரியாத இனமா, ஆறு குஞ்சு வாங்குங்கள்

ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் வாங்கப் போனால் சோடி கேட்காதீர்கள். ஆறு குஞ்சு வாங்கி ஒன்றாக வளருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆறு எடுத்தால் ஆறும் ஒரே பாலாக அமைவது முப்பத்திரண்டில் ஒரு தரம்தான். இரண்டு எடுத்தால் இரண்டில் ஒரு தரம் பிழைக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இவை தாமாகத் தெரிவு செய்து சேரும் மீன்கள். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நீங்கள் பிடித்துப் போட்டால் சேரும் என்று எந்த உறுதியும் இல்லை, சில வேளை அடித்தே கொல்லும். கூட்டத்தில் விட்டால் ஒரு நாள் பார்ப்பீர்கள், இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் எதிர் மூலைக்குத் துரத்தியிருக்கும். அந்த இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு, மற்றவற்றை எடுங்கள். நிறையப் பேர் சோடியை எடுத்துப் புதுத் தொட்டியில் போடுகிறார்கள். பிடித்த இடம் பறிபோனதும் சோடி குழம்பி, திரும்ப முதலில் இருந்து சண்டை தொடங்கும்.

இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சோடி ஏஞ்சலுக்கு உயரமான இரண்டடித் தொட்டி போதும், ஆறு வளர்ந்தவை அதில் நிற்காது. ஒஸ்காருக்கு நாலடிக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம்.

5. வயிறு பெருத்திருக்கிறது: முட்டையா, சாப்பாடா, வருத்தமா?

சாப்பிட்ட வயிறு முன்பக்கம், நெஞ்சுக்குக் கீழே புடைக்கும். முட்டை நிறைந்த வயிறு பின்னால், குதத்தை ஒட்டி நிறையும். சந்தேகம் என்றால் ஒரு நாள் முழுக்கத் தீனி போடாமல் விட்டு மறுநாள் காலையில் பாருங்கள். வற்றியிருந்தால் சாப்பாடு. அப்படியே நின்றால், அதோடு மீனும் உசாராக ஓடித் திரிந்தால், முட்டையாக இருக்கலாம்.

வயிறு ஊதி, செதில்கள் பலாக்காய் முள்ளைப் போல வெளியே தள்ளி நின்றால் அது முட்டை இல்லை, நீர் கோத்த வருத்தம். மேலே இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். முட்டை போடப்போகிறது என்று காத்திருக்காமல் உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

6. நடத்தையில் பார்க்க வேண்டியவை

கல்லையோ ஓட்டையோ வாயால் கொத்திக் கொத்தித் துடைப்பதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான அறிகுறி. சாப்பாடு தேடிக் கொத்துவது அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். துடைப்பது ஒரே இடத்தில், உள்ளங்கையளவு வட்டத்தில், திரும்பத் திரும்ப நடக்கும். இரண்டு மீனும் மாறி மாறி அதே வட்டத்தைத் துடைத்தால் இரண்டொரு நாளில் முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மணலைக் கிண்டிக் குழி பறிப்பதும் இதே நேரத்தில்தான். வாவிக் கரையில் தண்ணீர் வற்றும் காலத்தில் யப்பான் மீன் (திலாப்பியா) கிண்டிய வட்டக் குழிகளைக் கண்டிருப்பீர்கள், அதன் சின்ன வடிவம் உங்கள் தொட்டியில்.

உடம்பை நடுக்குவது இன்னொன்று. ஒன்றின் பக்கத்தில் மற்றது வந்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, குளிரில் நடுங்குவது போல உடம்பு முழுக்க உதறும். நிறமும் கடுமையாகும், டிஸ்கஸில் பின்பாதி கறுத்து வரும்.

வாயைக் கவ்விக்கொண்டு இழுபறி நடத்துவதைக் கண்டு பயந்து பிரிக்கிறவர்கள் அதிகம். இரண்டும் சமமாகக் கவ்வி, விட்டு, திரும்ப ஒன்றாக நீந்தினால் அது ஒருவரையொருவர் பலம் பார்க்கிற வேலை, விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் செட்டை கிழிந்து, பில்டருக்குப் பின்னால் மேல் மூலையில் சரிந்து நின்றால் அது சோடி இல்லை, அடி வாங்குகிற மீன். தடுப்பைப் போடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: இவ்வளவையும் இரண்டு பெண்களும் செய்யும். முன்னே சொன்ன தம்பியின் ஏஞ்சல்கள் துடைத்தன, நடுங்கின, காவலும் காத்தன. ஆகவே நடத்தை சொல்வது முட்டை வரப்போகிறது என்பதை மட்டும்தான். ஆண் எது என்பதை அடுத்த படிதான் சொல்லும்.

7. முட்டைக் குழாய்: இங்கேதான் விடை

முட்டை போடுவதற்கு ஓரிரு நாள் முன்னர், குதத்துக்குச் சற்றுப் பின்னால், குதச் செட்டைக்கு முன்னால் ஒரு சின்னக் குழாய் வெளியே நீளும். பெண்ணுடையது தடித்து, நுனி மொட்டையாக இருக்கும், முட்டை வெளியே வர வேண்டுமல்லவா. ஆணுடையது மெலிந்து, நுனி கூராகி, பெரும்பாலும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். எழுதுகோல் சீவியது ஆண், சீவாதது பெண் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். நேரே மீனின் முகத்தில் அடித்தால் பாய்ந்து கண்ணாடியில் மோதும். போனில் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதை விட இது எவ்வளவோ மேல். ஒரு மீனை மட்டும் பார்த்துச் சொல்லாமல் இரண்டின் குழாயையும் ஒரே படத்தில் ஒப்பிடுங்கள். குழாய் தெரியாத நாளில் பார்த்துவிட்டு இது ஆண் என்று எழுதி வைப்பதும் ஒரு பெரிய பிழை.

8. கையில் பிடித்துப் பார்ப்பது

மலாவி மீன், பிளவர்ஹோர்ன் போன்றவற்றில் அவசரமாகத் தெரிய வேண்டும் என்றால் மட்டும் இது. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்க வேண்டாம், ஒன்றும் விளங்காது. பிடிப்பதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், குடல் காலியாக இருந்தால்தான் துவாரங்கள் சுத்தமாகத் தெரியும்.

கையை நனையுங்கள், வலையை நனையுங்கள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்புப் போய், அந்த இடத்தில் பூஞ்சணம் ஏறும். மீனை வலையோடு வயிறு மேலே வரும்படி திருப்பினால் இரண்டு துவாரங்கள் தெரியும். தலைப் பக்கம் இருப்பது குதம், வால் பக்கம் இருப்பது நமக்குத் தேவையானது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக, அல்லது பின்னது சற்றுச் சின்னதாக இருந்தால் ஆண். பின்னது குதத்தை விடப் பெரிதாக, அகலமாக இருந்தால் பெண். படத்தை எடுத்ததும் மீனை விட்டுவிடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், ஆராய்ச்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளலாம்.

9. முட்டை வந்த பிறகு

நான் முதன்முதல் ஏஞ்சல் முட்டை போட்டதைப் பார்த்தது மின்சாரம் போன ஒரு பின்னேரம், டோர்ச் வெளிச்சத்தில். பெண் ஓட்டை உரசிக்கொண்டு கீழிருந்து மேலே போகிறது, பின்னால் மணி கோத்தது போல ஒரு வரிசை. அது விலகியதும் ஆண் அதே கோட்டில் மெதுவாகப் போகிறது. திரும்பப் பெண். இப்படி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இரண்டாவது மீன் பின்னால் போகும்போது அதன் பாதையில் புது முட்டை விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதுவும் பெண்தான்.

கருக்கட்டிய முட்டை மங்கல் மஞ்சளாக, கண்ணாடி போல இருக்கும். ஒரு நாளைக்குள் அங்கங்கே சில வெள்ளையாவது வழமை. எல்லாமே வெள்ளையானால் இரண்டும் பெண், அல்லது ஆண் மலடு, அல்லது இன்னும் பழகாத சோடி. மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுங்கள், ஏனென்றால் முதல் தரமும் இரண்டாம் தரமும் பிழைப்பதும், பெற்றோரே முட்டையைத் தின்பதும் நல்ல சோடியிலும் நடக்கும். தொட்டிக்கு முன்னால் போய்ப் போய் எட்டிப் பார்ப்பதும் தின்ன வைக்கும். ஒரு துணியைப் போட்டு மறையுங்கள்.

27, 28 பாகை செல்சியஸில் ஏஞ்சல் முட்டை இரண்டரை நாள் அளவில் பொரிக்கும். பிறகு நாலைந்து நாள் ஒட்டிக்கொண்டு துடிக்கும், அப்புறம்தான் நீந்தும். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் ஹீட்டர் தேவைப்படாது, தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறாமல் பார்த்தால் போதும். மார்கழி, தை இரவுகளில் வேண்டும்.

10. வாயில் அடைகாப்பவை

மலாவி மீன்களில் ஓட்டில் முட்டையைத் தேட வேண்டாம், பெண் வாய்க்குள் வைத்துக்கொள்ளும். தாடை கீழே பை போலத் தொங்கும், எதையோ மென்றுகொண்டிருப்பது போல வாய் அசையும், தீனி போட்டால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சாப்பிடவில்லை என்றதும் வருத்தம் என்று மருந்து ஊற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தாடையைப் பார்க்காமல் மருந்துப் போத்தலைத் தொடாதீர்கள்.

ஏறக்குறைய மூன்று கிழமை இப்படி இருக்கும். இரண்டு கிழமை போன பின் தனித் தொட்டிக்கு மாற்றலாம், விளக்கை அணைத்து, வலையை விட ஒரு கோப்பையால் கோலி எடுத்தால் துப்பாது. குஞ்சுகளை விட்ட பின் தாயை உடனே ஆணிடம் சேர்க்காமல், ஒரு கிழமை தனியே வைத்துத் தீனி கொடுங்கள். மூன்று கிழமை பட்டினி கிடந்த மீன், ஆண் துரத்தினால் தாங்காது.

11. குஞ்சு நீந்தத் தொடங்கினால்

நீந்தும் வரை தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. நீந்தியதும் அன்றே பொரித்த ஆட்டீமியா (கண்ணுக்குப் பொடியாகத் தெரியும் உப்புநீர் இறால் குஞ்சு), ஒரு நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமாக. வேகவைத்த முட்டை மஞ்சளும் தின்னும், ஆனால் பின்னேரத்துக்குள் தண்ணீர் நாறிவிடும். டிஸ்கஸ் குஞ்சை மட்டும் தாய் தகப்பனிடம் இருந்து பிரிக்காதீர்கள், முதல் நாட்களில் அவற்றின் உடம்பில் சுரக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்றுதான் வளரும்.

பெற்றோருக்கு நுளம்புப் புழு நல்ல தீனி, முட்டைக்கு வைக்கும். ஆனால் வளவில் வாளி வைத்து வளர்க்கப் போனால் டெங்குக்கு வழி திறந்த மாதிரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்குத்தான். வாவி இறாலைத் தோல் உரித்துக் குறுணியாக நறுக்கிப் போட்டாலே போதும்.

கொன்விக்ட் ஒரு சோடி இருந்தால் சில மாதங்களில் நூற்றுக் கணக்கில் குஞ்சு நிற்கும். எடுக்க ஆள் இல்லை என்று வாவியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், செல்வன் முட்டை போடும் அதே கல்லையும் வேரையும் இவை பிடித்துக்கொள்ளும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டை இருக்கும் ஓட்டை அன்றே எடுத்து வெயிலில் வைத்துவிடுங்கள். தம்பியின் தொட்டியில் இப்போது ஒரு பெண்ணுக்குப் பதிலாக ஓர் ஆண் நிற்கிறது, இரண்டும் இன்னும் எதிர் எதிர் மூலையில்தான்.